தீச்செங்கல்லின் தரம்: சுரங்கம் முதல் சூளை வரை

நீலகிரியில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள அருவங்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு அங்கு நிறுவிய கார்டைட் தொழிற்சாலையால் அறியப்படும் ஊராகும். குண்டுகளை உந்தித் தள்ளும் புகையற்ற வெடிமருந்தான கார்டைட்டின் மூலப்பொருள்கள் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் இன்றி உருவாகா என்பதால், இத்தொழிலின் அடித்தளமாக இருப்பது அமில உற்பத்தியே. கந்தகத்திலிருந்து அமிலம் செய்யும் எந்த ஆலையிலும் முதலில் கந்தகத்தை உலையில் எரித்தாக வேண்டும். ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸை எட்டும் அந்த உலையின் எஃகுக் கூட்டைக் காப்பது அதன் உட்புறத்தில் அடுக்கப்பட்ட செங்கல் வரிசைதான். அருவங்காட்டைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கொழுந்தை உலர்த்தும் காற்றைச் சூடாக்கும் விறகு அடுப்புகளின் உட்சுவர் இதே வகைச் செங்கல்லால் கட்டப்படுகிறது. ஃபயர் பிரிக் என்று கொத்தனாரும் கடைக்காரரும் சொல்லும் இந்தத் தீச்செங்கல், வீடு கட்டும் செங்கல்லின் உறவினன் போலத் தோன்றினாலும், அதன் தரத்தை நிர்ணயிக்கும் அறிவியல் முற்றிலும் வேறானது.

குறைந்தது 1,500 டிகிரி வரை உருகாமலும் உருக்குலையாமலும் நிற்கக்கூடிய, உலோகமல்லாத பொருளையே தொழில்நுட்பர்கள் வெப்பந்தாங்கு பொருள் என்று வகைப்படுத்துகின்றனர். ஆனால் உருகாதிருத்தல் என்ற ஒற்றைப் பண்பு செங்கல்லின் தரத்தைச் சொல்லிவிடாது. உலைச்சுவரில் இருக்கும் செங்கல் தன்மேல் ஏறிய சுவரின் எடையைத் தாங்க வேண்டும். சாம்பலும் கசடும் உருகிய உலோகமும் அரிப்பதை எதிர்க்க வேண்டும். அடுப்பு அணைந்து மீண்டும் எரியும்போது வெடித்து உதிராதிருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதே வெப்பத்தில் கிடந்தாலும் சுருங்கி இடைவெளி விடாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றை உயர்த்தப் போனால் மற்றொன்று தாழ்வதே பெரும்பாலும் நேர்கிறது. எனவே தரம் என்பது எல்லா எண்களும் உயர்ந்திருப்பதன்று, எந்த உலைக்கோ அந்த உலைக்குரிய பண்புகள் ஒவ்வொரு செங்கல்லிலும் மாறாமல் அமைந்திருப்பதே என்று கொள்ள வேண்டும்.

இதற்கு அமில ஆலையே தெளிவான சான்று. அங்கே எரியுலைக்கு ஒரு வகைச் செங்கல்லும், அமிலம் வழிந்தோடும் கோபுரங்களுக்கு வேறு வகைச் செங்கல்லும் தேவைப்படுகின்றன. கோபுரத்தின் அமிலந்தாங்கு செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 4860 என்ற தனித்தரத்தை வகுத்துள்ளது. அந்தச் செங்கல்லில் நுண்துளைகள் அநேகமாக இல்லாதிருக்க வேண்டும். துளை வழியே அமிலம் ஊறினால் பின்னாலிருக்கும் எஃகு அரிக்கப்படும். ஆகவே களிமண் கண்ணாடியாக இறுகும் அளவுக்கு அது சுடப்படுகிறது. அதே அளவு இறுகிய செங்கல்லை எரியுலையில் வைத்தால், திடீர் வெப்பமாற்றத்தில் எழும் உள்விசைக்கு இடங்கொடுக்க வழியின்றி அது பிளந்துவிடும். எரியுலையின் தீச்செங்கல்லில் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்துளைகள் இருப்பது இயல்பு. ஓடத் தொடங்கும் விரிசல் ஒரு துளையை அடைந்து அங்கேயே மழுங்கி நிற்பதால் அத்துளைகள் செங்கல்லைக் காக்கவும் செய்கின்றன. ஓரிடத்தில் குறையாகக் கருதப்படுவது மற்றோரிடத்தில் வேண்டிய பண்பாகிறது.

சாதாரணத் தீச்செங்கல்லின் மூலப்பொருள் தீக்களிமண். அதன் முதன்மைக் கனிமமான கயோலினைட்டு அலுமினா, சிலிக்கா, நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. சுடும்போது எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீராவியாக வெளியேறுகிறது. எஞ்சுவதில், களிமண் எவ்வளவு தூயதாயினும், அலுமினா 46 விழுக்காட்டைத் தாண்டாது. 1,000 டிகிரிக்கு மேல் அலுமினாவும் சிலிக்காவும் கூடி முல்லைட்டு என்ற ஊசிவடிவப் படிகமாக வளர்கின்றன; 1,800 டிகிரியையும் தாங்கக்கூடிய இவ்வூசிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்வரை செங்கல் உறுதியாக நிற்கும். மிஞ்சிய சிலிக்கா மட்டும் தனித்திருந்தால் கேடில்லை. களிமண்ணோடு வந்த பொட்டாசியம், சோடியம், இரும்பு, சுண்ணாம்பு ஆகியவை அந்தச் சிலிக்காவோடு கலந்து, மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகும் கண்ணாடியாகி, முல்லைட்டு ஊசிகளுக்கு இடையே பரவிவிடுகின்றன. தீக்களிமண்ணை வாங்கும்போதே அதன் கார உப்பு அளவையும் இரும்பளவையும் பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளில் இந்த வேதியியல் கண்முன்னே நிகழ்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அது தீயோடு ஆவியாகவும் தூசியாகவும் எழுந்து செங்கல்லின் முகத்தில் படிந்து, அங்குள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து பச்சையும் பழுப்புமான மெருகாகப் பளபளக்கும். பார்ப்பதற்குச் செங்கல் பாதுகாப்பான மேலுறை ஒன்று பெற்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் பொட்டாசியம் உள்ளே ஊடுருவிய பகுதியில் பருமன் கூடிய புதிய கனிமங்கள் தோன்றுவதால், நாளடைவில் முகப்பு முழுதும் தகடுதகடாகப் பெயர்ந்து விழுகிறது. கொழுந்து வரத்து குறையும் பருவத்தில் அடுப்பு அடிக்கடி அணைக்கப்பட்டு மூட்டப்படுவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வகை அடுப்பின் வெப்பம் எஃகு உலையின் வெப்பத்தைவிட மிகக் குறைவானது. ஆயினும் செங்கல் கெடுகிறது. உருகுநிலையை மட்டும் பார்த்துச் செங்கல் வாங்குபவர் ஏமாறும் இடம் இது. உருகுநிலை கூடிய செங்கல்லைவிட, கார உப்பை எதிர்க்கும் நெருக்கமான கட்டமைப்பும் வெப்ப மாற்றத்தைத் தாங்கும் பருமணி அமைப்பும் கொண்ட செங்கல்லே அங்கு நீடித்து உழைக்கும்.

வெப்பந்தாங்கு செங்கல் தொழிலின் வரலாற்றில் தமிழகத்தின் முதன்மையான ஊர் சேலம். நகரின் வடக்கே, ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்று குறித்த குன்றுகளில், கரும்பச்சை நிறமுடைய டியூனைட்டுப் பாறையின் வெடிப்புகளுக்குள் வெண்ணரம்புகளாகப் படர்ந்து கிடக்கிறது மேக்னசைட் என்னும் மக்னீசியம் கார்பனேட்டு. மக்கள் இதை வெள்ளைக்கல் என்பர். இக்கல்லை வெட்டிச் சுட்டுச் செங்கல்லாக்கும் தொழில் அங்கு நூறாண்டுக்கு மேல் நடந்து வந்துள்ளது. 1979இல் தமிழக அரசு டான்மேக் என்ற தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது. இதே தொழிலில் இருந்த பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சேலம் பிரிவு 2011இல் இந்திய எஃகு ஆணையமான செயிலின் துணை நிறுவனமாக மாறியது. எஃகு உலைகளுக்கு இக்கல் இன்றியமையாததற்குக் காரணம் அதன் வேதிப்பண்பே. எஃகைத் தூய்மைப்படுத்த உலையில் சுண்ணாம்பு சேர்க்கும்போது எழும் கசடு காரத்தன்மை கொண்டது, அது சிலிக்கா மிகுந்த தீச்செங்கல்லைக் கரைத்துவிடும், இக்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியாவை எளிதில் கரைப்பதில்லை.

மேக்னசைட்டைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மக்னீசியா எஞ்சுகிறது. நூறு கிலோ தூய கல்லில் 52 கிலோவுக்குச் சற்று மேல் வாயுவாகப் போய்விடும். மீதி 48 கிலோகூட இராது. இந்த எளிய கணக்கில் தரக் கட்டுப்பாட்டின் பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. வாயுவாகப் போவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. கல்லோடு ஒட்டி வந்த சிலிக்கா அப்படியே தங்கிவிடும். கல்லில் 2 விழுக்காடு சிலிக்கா இருந்தால், சுட்டபின் அது 4 விழுக்காடாகும். சுரங்கத்தில் வெண்ணரம்போடு ஒட்டிக்கொண்டு வரும் டியூனைட்டுத் துணுக்கு ஒவ்வொன்றும் இவ்வாறு தன் கேட்டை இரட்டித்துக்கொள்கிறது. சேலத்துச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கல்லைச் சிறு சுத்தியலால் தட்டிப் பச்சைப் பாறையைப் பெயர்த்து வெண்கல்லைத் தனியே பொறுக்கி எடுத்த கைவேலையே, பின்னர் சூளையிலும் சோதனைச்சாலையிலும் நடக்கும் எந்த வேலையைவிடவும் செங்கல்லின் தரத்தைக் கூடுதலாகத் தீர்மானித்தது என்று சொல்வது மிகையாகாது. அவ்வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்தத் தரச் சான்றிதழிலும் இடம்பெறுவதில்லை.

மக்னீசியாவின் உருகுநிலை 2,800 டிகிரி. ஆனால் அதைக்கொண்டு செய்த சாதாரணச் செங்கல் சுமையேற்றிச் சூடாக்கும்போது 1,500, 1,600 டிகிரிகளிலேயே நெளியத் தொடங்கிவிடுகிறது. 1,200 டிகிரிக்கு மேற்பட்ட இந்த இடைவெளிக்குக் காரணம் மக்னீசியா அன்று; அதன் மணிகளுக்கு இடையே பசைபோல் கிடக்கும் சிறிதளவு சிலிக்கேட்டுகளே. அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைவிட, அவற்றில் சுண்ணாம்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதம் என்ன என்பதே முக்கியம். சுண்ணாம்பு மிகக் குறைவாக இருந்தால் 1,890 டிகிரியில் உருகும் ஃபார்ஸ்டரைட்டு உண்டாகும், அது நன்று. சுண்ணாம்பும் சிலிக்காவும் எடையளவில் ஏறத்தாழச் சமமாக நெருங்கினால் மான்டிசெல்லைட்டு தோன்றும். அது 1,500 டிகிரி அளவிலேயே நிலைகுலைந்துவிடும். விகிதம் ஒன்றரையை ஒட்டினால் மெர்வினைட்டு. அதுவும் 1,600 டிகிரியைத் தாங்காது. சுண்ணாம்பு சிலிக்காவைப்போல் இருமடங்கை எட்டினால் 2,130 டிகிரி வரை நிற்கும் இருகால்சியம் சிலிக்கேட்டு உருவாகி, செங்கல் மீண்டும் உறுதி பெறுகிறது. ஆகவே மொத்த மாசு ஒரே அளவாக உள்ள இரு செங்கற்களில் ஒன்று உலையில் நிற்க, மற்றொன்று சாய்ந்து போகலாம். மாசைக் குறைப்பது மட்டுமன்றி, எஞ்சிய மாசைச் சரியான விகிதத்தில் நிறுத்துவதும் தரக் கட்டுப்பாட்டின் பணியாகிறது. சிலிக்கா மிகுந்த கல்லோடு, கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் தூய மக்னீசியாவையோ சுண்ணாம்பு கூடிய கல்லையோ அளந்து கலப்பது இக்காரணத்தாலேயே.

மூலப்பொருளை மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, சுருங்க வேண்டிய அளவெல்லாம் முன்னதாகவே சுருங்கவிட்டு, பிறகு உடைத்துச் சல்லடையில் பிரிப்பது அடுத்த கட்டம். தீக்களிமண் செங்கல்லிலும் இவ்வாறு முன்னரே சுட்டு நொறுக்கிய களிமண்ணே பெரும்பங்கு. பச்சைக் களிமண் இணைக்கும் பொருளாக மட்டும் சேர்க்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வரையுள்ள பருமணிகளும், மாவுபோன்ற நுண்மணிகளும், இவற்றுக்கு இடைப்பட்டவை சிறிதளவும் உரிய பங்கில் கலந்தால்தான் பெரிய மணிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைச் சிறியவை நிரப்பி, நெருக்கமான கட்டு கிடைக்கும். நடுத்தர மணிகள் மிகுந்தால் கட்டு தளர்ந்து துளை கூடும். நுண்மணி மிகுந்தால் சுடும்போது சுருக்கம் கூடும். ஆகையால் ஒரு நல்ல ஆலையில் சல்லடைப் பகுப்பு, அதாவது ஒவ்வோர் அளவு மணியும் எத்தனை விழுக்காடு என்று எடுத்து எடைபோடும் சோதனை, பணிமுறைக்குப் பலமுறை நடக்கிறது. சல்லடைக் கம்பி தேய்ந்து கண் பெரிதாவது போன்ற சிறு குறையை முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுவே.

கலவை அளந்து கலக்கப்பட்டிருந்தாலும், அழுத்துபொறிக்கு மேலுள்ள கொள்கலத்தில் அது கொட்டப்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. குவியலின் உச்சியிலிருந்து பருமணிகள் சரிந்து உருண்டு ஓரங்களை அடைய, நுண்மணிகள் நடுவிலேயே தங்கிவிடுகின்றன. கொள்கலம் பாதியாகக் காலியாகும்போது வரும் செங்கல்லும் அடிமட்டத்தில் வரும் செங்கல்லும் ஒரே கலவையிலிருந்து பிறந்தும் ஒரே செங்கல்லாக இருப்பதில்லை. இதைக் கண்டறிய உதவும் கருவி வெறும் தராசு என்பது வியப்புக்குரியது. இந்தியாவில் பெருவழக்கான 230 மில்லிமீட்டர் நீளம், 115 மில்லிமீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் கனம் கொண்ட செங்கல்லின் பருமன் ஏறத்தாழ 1,984 கனசென்டிமீட்டர். மக்னீசியா கலவையை ஒரு கனசென்டிமீட்டருக்கு 3 கிராம் அடர்த்தி வருமாறு அழுத்தினால் பச்சைச் செங்கல் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். கனம் மாறாதிருக்க எடை 100 கிராம் குறைந்தால், அடர்த்தி 1.7 விழுக்காடு குறைந்து துளைமை ஏறிவிட்டது என்று பொருள். சுடப்பட்டபின் இக்குறையை எந்தச் சூளையாலும் முழுமையாகத் திருத்த இயலாது. அழுத்துபொறியின் அருகிலேயே தராசும் கனமானியும் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு செங்கல்லை நிறுத்துக் குறிப்பது, விலையுயர்ந்த பல சோதனைகளைவிடப் பயன் மிகுந்தது. அந்தக் குறையை அப்போதே சரிசெய்ய முடியும் என்பதே அதன் சிறப்பு.

அழுத்தும்போது மற்றொரு கேடும் நேரலாம். கலவைக்குள் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி அழுந்தி, அழுத்தம் நீங்கியதும் விரிந்து, செங்கல்லுக்குள் தகடு தகடான பிளவுகளை உண்டாக்கும். முகப்பில் ஒன்றும் தெரியாது. இதைத் தவிர்க்கவே பொறியாளர்கள் முதலில் மெல்ல அழுத்தி, சற்றுத் தூக்கிக் காற்றை விடுவித்து, பின்னர் முழு அழுத்தம் கொடுக்கின்றனர். ஈரப்பதமும் இங்கே கவனத்துக்குரியது: சில விழுக்காடே இருக்கும் அந்த ஈரம் அரை விழுக்காடு கூடினாலும் பிளவு கூடும், குறைந்தால் மூலைகள் உதிரும். உலர்த்தும் அறையில் இந்த ஈரத்தை அவசரமாக வெளியேற்றினால் உள்ளே ஆவியழுத்தம் எழுந்து விரிசல் விழும் என்பது செங்கல் தொழிலில் எவரும் அறிந்ததே.

சூளையில், தீக்களிமண் செங்கல் 1,250 முதல் 1,400 டிகிரி வரையிலும், மக்னீசியா செங்கல் 1,550 டிகிரிக்கு மேலும் சுடப்படுகின்றன. வெப்பமானி காட்டும் எண் சூளையின் ஓரிடத்து வெப்பத்தை மட்டுமே சொல்லும். செங்கற்களை அடுக்கிச் சூளைக்குள் செலுத்தும் வண்டியின் அடியடுக்கில் நடுவே இருக்கும் செங்கல் எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு நேரம் உண்டது என்று அது சொல்லாது. ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஸேகர் 1886இல் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். கலவை மாறுபட மாறுபட, வெவ்வேறு வெப்பநிலையில் இளகி வளையும் சிறு பீங்கான் கூம்புகளைச் செய்து எண்ணிட்டு, அவற்றைப் பொருளோடு சேர்த்துச் சூளைக்குள் வைத்தார். கூம்பின் நுனி சாய்ந்து அடியைத் தொட்டால் அந்த எண்ணுக்குரிய வெப்பப் பணி நிறைவேறியது என்று கொள்ளலாம். நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தே அளக்கும் இந்தக் கூம்பு இன்றும் வழக்கொழியவில்லை. செங்கல்லின் உருகுதிறனை அளப்பதும் இதே முறையில்தான்: செங்கல்லைப் பொடித்து அதே வடிவில் கூம்பு செய்து, எண்ணிட்ட கூம்புகளுக்கு அருகில் நிறுத்திச் சூடாக்கி, எந்தக் கூம்போடு சேர்ந்து வளைகிறது என்று பார்க்கின்றனர்.

சுட்டு வந்த செங்கல்லுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 1528 என்ற தரத்தின் பல பகுதிகள் சோதனை முறைகளை வகுத்துள்ளன. அவற்றுள் துளைமைச் சோதனை எளியது, ஆனால் நிறையச் சொல்லக்கூடியது. செங்கல் துண்டை உலர்த்தி நிறுக்க வேண்டும். துளைகளில் நீர் நிறையும்படி கொதிநீரில் இட்டு, ஆறிய பின் நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். வெளியே எடுத்து மேல்நீரைத் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். உலர்ந்த துண்டு 400 கிராம், ஊறியது 440 கிராம், நீருக்குள் 250 கிராம் என்று கொண்டால், துளைகள் குடித்த நீர் 40 கிராம். துண்டின் முழுப் பருமன் 440இலிருந்து 250 போக 190 கனசென்டிமீட்டர். ஆக துளைமை ஏறத்தாழ 21 விழுக்காடு, அடர்த்தி 2.1. மூன்று எடைகளில் இரண்டு பண்புகள் கிடைத்துவிடுகின்றன. அருவங்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. எனினும் துளையிலுள்ள காற்றை விரட்டுவது கொதிப்பில் எழும் ஆவியே அன்றி நூறு டிகிரி என்ற எண் அன்று என்பதால், மலையில் செய்த சோதனையும் சமவெளியில் செய்த சோதனையும் ஒத்தே வரும்.

உருகுதிறனுக்கும் உண்மையான தாங்குதிறனுக்கும் உள்ள வேறுபாட்டை வெளிப்படுத்துவது சுமைச்சோதனை. ஐந்து சென்டிமீட்டர் உயரமும் அதே விட்டமும் உள்ள உருளையைச் செங்கல்லிலிருந்து வெட்டி, சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ சுமையை அதன்மேல் ஏற்றி, படிப்படியாகச் சூடாக்கி, எப்போது அமுங்கத் தொடங்குகிறது என்று குறிக்கின்றனர். 1,700 டிகிரியை ஒட்டி உருகும் நல்ல தீக்களிமண் செங்கல் 1,350 முதல் 1,450 டிகிரிக்குள்ளேயே அமுங்கத் தொடங்குகிறது; அதனுள்ளிருக்கும் கண்ணாடி படிப்படியாக இளகுவதே காரணம். ஏறத்தாழ அதே வெப்பத்தில் உருகும் சிலிக்கா செங்கல்லோ 1,650 டிகிரி வரை அசையாமல் நின்று, பின்னர் சட்டென்று சரிகிறது. அதன் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதால், அவை உருகும்வரை சட்டகம் நிற்கிறது. நிலக்கரியைக் கல்கரியாக்கும் அடுப்புகளில் சிலிக்கா செங்கல் சுவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உழைப்பது இப்பண்பினால்தான். உருகுதிறன் ஒன்றாக இருந்தும் உழைக்கும் திறன் இவ்வளவு வேறுபடுவதால், வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் எண் சுமைச்சோதனையின் எண்ணே.

இச்சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: சோதிக்கப்பட்ட செங்கல் உடைக்கப்பட்டுவிடும், உலைக்குப் போவது சோதிக்கப்படாத செங்கல். ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்து, மற்றவையும் அவ்வாறே இருக்கும் என்று ஊகிக்கிறோம். அந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பதை எளிய நிகழ்தகவுக் கணக்கு காட்டும். ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஐந்து செங்கல் குறையுடையவை என்று கொண்டால், சமவாய்ப்பில் எடுத்த ஐந்தும் நல்லவையாகவே அமைய 77 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பத்து எடுத்தாலும் 60 விழுக்காடு. இருபது எடுத்து உடைத்தாலும் 36 விழுக்காடு. அதாவது, இருபது செங்கல்லை உடைத்துச் சோதித்து எல்லாம் தேறினாலும், அத்தொகுதியில் இருபதில் ஒன்று கெட்டதாக இருக்க இடமுண்டு. எஃகு உருகிக் கொதிக்கும் கொள்கலத்தின் சுவரில் ஓர் ஓட்டைக்கு ஒரு கெட்ட செங்கல் போதும். அங்கே நிற்பவர்களின் உயிர் அந்த ஊகத்தின்மேல் நிற்கிறது. எனவே கடைசியில் சோதித்துத் தள்ளுவதைத் தரக் கட்டுப்பாடு என்று எண்ணுவது பிழை.

இப்பிழையைக் களையும் வழியைக் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் ஷூவார்ட். எந்த உற்பத்தியிலும் எண்கள் ஏறி இறங்கவே செய்யும். அவற்றுள் பலவகைச் சிறு காரணங்கள் கூடி எழும் இயல்பான ஏற்ற இறக்கம் வேறு, தேய்ந்த சல்லடையாலோ மாறிய களிமண்ணாலோ எழும் தனிக்காரண விலகல் வேறு என்று அவர் பிரித்தார். 1924இல் அவர் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம், இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக்கோடு இட்டு, கோட்டைத் தாண்டும் புள்ளியைக் கண்டால் மட்டும் காரணம் தேடச் சொல்கிறது. இந்தியாவில் இம்முறையைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுசென்றதில், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நீலகிரியை அடுத்த கோயம்புத்தூரிலும் அந்நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு இயங்குகிறது. பச்சைச் செங்கல்லின் எடையை இத்தகைய வரைபடத்தில் குறித்துவந்தால், கொள்கலத்தில் மணிகள் பிரிவதும் அச்சுத் தகடு தேய்வதும் செங்கல் சூளைக்குப் போகும் முன்னரே தெரிந்துவிடும். புள்ளி எல்லைக்குள் இருக்கும்போது பொறியைத் திருகித் திருத்த முனைவதும் கேடே என்று ஷூவார்ட் சொன்னது, ஆர்வமிக்க மேற்பார்வையாளர்கள் ஏற்கத் தயங்கும் பாடம். இயல்பான ஏற்றத்தைத் திருத்தப் போனால் ஏற்ற இறக்கம் இன்னும் பெருகவே செய்யும்.

எல்லாக் கட்டுப்பாடும் கடந்து வந்த நல்ல செங்கல்லும் அருவங்காடு போன்ற மலையூரை அடைந்ததும் புதிய சோதனையைச் சந்திக்கிறது. மூடுபனியும் இரு பருவமழையும் நிறைந்த அவ்வூரின் ஈரக்காற்றில், மக்னீசியா நீரோடு சேர்ந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும். அப்போது அதன் பருமன் இருமடங்குக்கு மேல் ஆகும் என்பதால், அடுக்கி வைத்த செங்கல் நெருப்பையே காணாமல் வெடிக்கக்கூடும். மக்னீசியா செங்கல்லைப் பாலிதீன் உறையோடு தரைக்கு மேலே மரச்சட்டத்தில், காற்றோட்டமான கூரையின்கீழ் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுத்துக் கட்ட வேண்டும். தீக்களிமண் செங்கல்லுக்கு இந்த அச்சம் இல்லை. ஆனால் அதன் துளைகளில் ஊறிய ஈரம், அடுப்பை முதன்முதல் மூட்டும்போது ஆவியாகிச் சுவரை உடைக்கும்.

கட்டும் முறையிலும் எண்கள் உண்டு. மக்னீசியா 1,000 டிகிரிக்குச் சூடானால் மீட்டருக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தீக்களிமண் செங்கல் அதில் பாதியளவுகூட நீளாது. அதற்கேற்ற விரிவு இடைவெளியை விடாமல் கட்டினால் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி முகப்பு உதிரும். மிகுதியாக விட்டால் அவ்வழியே தீ புகும். செங்கல்லின் அளவு ஒழுங்காக இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் கனச் சாந்தில் கொத்தனார் கட்டிவிடுவார். அளவு தவறிய செங்கல்லுக்குக் கனமான சாந்து வேண்டும். அரிப்பு முதலில் தொடங்குவது அந்தச் சாந்தில்தான். கட்டி முடித்தபின் முதல் நாளில் 100 டிகிரியை ஒட்டி நிறுத்தி ஈரத்தை வெளியேற்றி, பிறகு மணிக்கு இத்தனை டிகிரி என்று வகுத்த அட்டவணைப்படி ஏற்றுவது வழக்கம். அந்த அட்டவணையையும் ஒவ்வொரு செங்கல்லின் மேலும் பொறித்துள்ள தொகுதிக் குறியையும் பதிவேட்டில் எழுதி வைத்து, அடுத்த பழுதுபார்ப்பின்போது சுவரில் எஞ்சிய கனத்தை அளந்து அதனோடு சேர்த்து உற்பத்தியாளருக்கு அனுப்பும் பழக்கம் தேயிலைத் தொழிற்சாலைகள் போன்ற சிறிய அடுப்புகளிலும் பரவ வேண்டும். எந்தத் தொகுதி எங்கே, எத்தனை மாதம் உழைத்தது என்ற அந்தக் குறிப்பு கிடைத்தால்தான், சுரங்கத்தில் கல்லைப் பொறுக்குவதிலும் கலவையின் விகிதத்திலும் எதை மாற்ற வேண்டும் என்பதை ஆலை அறிய முடியும்.